தூரநோக்கும் பத்து வெள்ளித் தவணையும்



இந்த மாத இளைஞர் வகுப்புக்குப் பாடம் எழுதச் சொல்லி எனக்குக் கொடுத்த தலைப்பு, 'வாழ்க்கையில் இலக்கு'. தலைப்பைப் பார்த்ததுமே உங்களில் பாதிப்பேர் பக்கத்தைப் புரட்டியிருப்பீங்க. நியாயம்தான். ஐந்தாம் படிவம் முடிக்கிறதுக்குள்ள நாம எல்லாருமே நாலைந்து தன்முனைப்பு முகாமுக்காவது போயிருப்போம். விளக்கை அணைப்பாங்க, மெழுகுவர்த்தி ஏற்றுவாங்க, அம்மா அப்பாவை நினைச்சு எல்லாரும் அழுவோம். பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, 'இன்னும் பத்து ஆண்டில் நீ யாராக இருப்பாய்?' என்று எழுதச் சொல்வாங்க. டாக்டர், வழக்கறிஞர், கோடீஸ்வரர். திங்கட்கிழமை அந்தத் தாள் புத்தகப் பைக்கு அடியில் கசங்கிக் கிடக்கும்.

அழுததில் ஒன்றும் தப்பில்லை. தாளில் கேட்ட கேள்வியில்தான் எனக்குச் சந்தேகம்.

நான் மின்பொறியியல் படிக்கிறேன், மலாக்காவிலேயே. எங்க படிப்பில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு முன்மொழிவு எழுதணும். அதில் ஒரு வரிசை இருக்கு. முதலில் 'பிராப்ளம் ஸ்டேட்மெண்ட்': சிக்கல் என்ன, யாருக்கு, எங்கே, இப்போ நிலைமை எப்படி. அதுக்கப்புறம்தான் 'ஒப்ஜெக்டிவ்', அதாவது இலக்கு. கடைசியில் 'ஸ்கோப்': எதைச் செய்யப்போறோம், எதைச் செய்யப்போறதில்லை. "சார், செடிக்குத் தானாகவே தண்ணி ஊத்துற கருவி செய்யப்போறேன்" என்று போய் நின்றால் விரிவுரையாளர் சிரிச்சுக்கிட்டே கேட்பார்: "யாரோட செடி வாடுது?"

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லைன்னா அவர் முன்மொழிவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

'டாக்டராகணும்' என்பது அந்தக் கருவி மாதிரி. நல்ல கருவிதான். ஆனா யாரோட செடி வாடுதுன்னு யாரும் நம்மிடம் கேட்டதில்லை. அதனால் அந்த இலக்கு கைமாறினாலும், தவறிப்போனாலும், மூன்று 'ஏ' குறைந்ததும் முறிந்து விழுந்தாலும், அதுக்குப் பின்னால் நிற்க நம்மிடம் எதுவும் இருக்கிறதில்லை. எஸ்.பி.எம். முடிவு வந்த மறுவாரமே வாழ்க்கை முடிஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

இந்தப் பாடத்தில் இரண்டு சொல்லைப் பிரிச்சுப் பயன்படுத்தப்போறேன். இலக்கு என்பது முடிச்சு டிக் போடக்கூடியது: டிப்ளோமா, லைசென்ஸ், வீடு. தூரநோக்கு என்பது அந்த டிக் எல்லாம் எதுக்காக என்று சொல்கிற படம்: எது இப்போ சரியில்லை, அது எப்படி மாறி நிற்கணும். தூரநோக்கு என்றதும் நமக்கெல்லாம் 2020தான் நினைவுக்கு வரும். 1991இல் டாக்டர் மகாதீர் அறிவிச்ச அந்தத் திட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதாத தமிழ்ப்பள்ளி மாணவர் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார். சுவரொட்டியில் பறக்கும் கார்கூட வரைஞ்சோம். அந்தப் பெரிய தூரநோக்கை விட்டுவிடுவோம். நம்ம அளவுக்கு ஒன்று பார்ப்போம்.

முதலில் நம்ம மாநிலத்துப் பழைய கதை ஒன்று. ஜாசின் பக்கம் போறவங்களுக்கு புக்கிட் லிந்தாங் தெரியும். 1896இல் அங்கே சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்று நட்டவர் டான் சே யான். மலாக்கா சீனக் குடும்பத்துப் பிள்ளை, அப்போ இருபதுகளின் நடுவில் இருந்தார். நம்ம வயசுதான். அந்த நாளில் இங்கே எல்லாரும் மரவள்ளியும் கம்பீரும் போட்டுக்கிட்டிருந்தாங்க. மரவள்ளி ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் காசாகிவிடும். ரப்பர் மரம் பால் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி என்ற ஆங்கிலேயர் சட்டைப்பையில் ரப்பர் விதையை வெச்சுக்கிட்டு, பார்க்கிறவங்களிடம் எல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சினார். தோட்டக்காரர்கள் அவருக்கு வெச்ச பேர் 'பைத்தியக்கார ரிட்லி'. அந்தப் பைத்தியக்காரர் பேச்சைக் கேட்டு முதலில் வணிகமாக நட்டவர்களில் ஒருவர் டான் சே யான். அடுத்து புக்கிட் ஆசாஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோட்டம் போட்டார். பிறகு உலகம் முழுக்கக் கார் ஓட ஆரம்பிச்சது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. மலாயாவின் கதையே மாறிப்போச்சு.

இந்தக் கதையை முகாம்களில் சொன்னா இத்தோடு நிறுத்திவிடுவாங்க: 'பாருங்க, ஏழு வருஷம் பொறுத்தார், ஜெயிச்சார்.' எனக்கு மனசு அங்கே நிற்கலை. ஏன்னா அந்த மாதிரித் தோட்டங்களில் பால் வெட்டியது நம்ம ஆளுங்க.

என் பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்குப் போய் நிற்கணும். தலையில் விளக்கைக் கட்டிக்கிட்டு நிரைக்குள் போகணும். வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சுடும், அதனால் கை நிற்கக்கூடாது. மழை பெய்தா வேலை இல்லை, வேலை இல்லைன்னா சம்பளம் இல்லை. பாட்டி வீட்டில் எதிர்காலம் என்கிற சொல்லுக்கு அதிகபட்ச நீளம் ஒரு நாள்: "நாளைக்கு மழை வருமா?" சம்பள நாள் வந்தா ஒரு மாதம்.

யோசிச்சுப் பாருங்க, இருவருக்கும் நடுவில் இருப்பது ஒரே மரம். நட்டவருக்கு அது ஏழு ஆண்டுக் கணக்கு, அதுக்குமேல் வெட்டிப் பலன் பார்க்கிற இருபது, இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு. வெட்டினவங்களுக்கு அது அன்றைய காலை. உழைப்பில் என் பாட்டி யாருக்கும் குறைஞ்சவங்க இல்லை. ஆனா மரத்தின் நீளமான கணக்கு இன்னொருவர் கையில் இருந்தது. தூரநோக்கு இல்லாதவங்க சும்மா இருக்கிறதில்லை, தம்பி. இன்னொருத்தரோட தூரநோக்குக்குள் வேலை செய்துக்கிட்டிருக்காங்க.

இதை நம்ம சமூகத்தில் ஒருவர் கண்முன்னால் பார்த்தார். அவர் கதைதான் இந்தப் பாடத்தின் நடுத்தூண்.

துன் வீ.தி.சம்பந்தன் 1919இல் பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவங்க அப்பா வீரசாமி மலாயாவுக்கு வந்ததும் 1896இல்தான். பிறகு சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டக்காரராக உயர்ந்தார். ஆக, சம்பந்தன் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிச்சுப் பட்டம் வாங்கினார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தேசியத் தலைவர், சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையிலேயே அமைச்சர். முகாம் தாளில் எழுதுகிற 'இலக்கு' எல்லாம் நாற்பது வயசுக்குள் டிக் ஆகிவிட்டது அவருக்கு. அதனால்தான் அவரை எடுத்துக்கிட்டேன்.

அந்த ஐம்பதுகளில் தோட்டங்களில் ஒரு புது வியாதி பரவியது. நாடு சுதந்திரம் பெறும் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் ஆயிரம் ஏக்கர், இரண்டாயிரம் ஏக்கர்த் தோட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஆளாளுக்கு விற்றாங்க. தோட்டத் துண்டாடல் என்று பெரியவங்க சொல்வாங்களே, அது. பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி ஆராய்ந்து எழுதிய அறிக்கையே இருக்கு, 1962இல் வந்தது. பத்து ஏக்கர் வாங்கினவருக்கு நூறு தொழிலாளர் எதுக்கு? வேலை போகும். தோட்டத்தில் வேலை போனா லயத்து வீடும் போகும். வீடு போனா தண்ணி, கோவில், ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரே நாளில் போகும். பட்டணத்தில் வேலை போனவன் வேற வேலை தேடலாம். தோட்டத்தில் வேலை போனவன் ஊரையே இழந்தான்.

இதுதான் 'பிராப்ளம் ஸ்டேட்மெண்ட்'. எவ்வளவு தெளிவாக இருக்கு பாருங்க. யாருக்கு, எங்கே, எதனால், எல்லாம் இருக்கு.

இதுக்கு எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். மனு கொடுக்கலாம், இழப்பீடு கேட்கலாம். அதையெல்லாம் சிலர் செய்தாங்க, தேவையும்தான். சம்பந்தன் போட்ட படம் வேற: பால் வெட்டுகிறவனே தோட்டத்துக்குச் சொந்தக்காரனாக வேண்டும். ஒரே வரி. சின்னப் பிள்ளைகூடப் புரிஞ்சுக்கும், எந்தக் கங்காணியும் கிராணியும் வந்து விளக்கத் தேவையில்லை. 1960 மே மாதத்தில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கு 100 வெள்ளி. தோட்டத் தொழிலாளியால் நூறு வெள்ளியை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை.

நான் வியந்து நிற்கிற இடம் இந்தத் தவணைதான்.

தோட்டம் வாங்குவது என்பது அன்றைக்கு ஒரு தொழிலாளியின் கற்பனைக்குள்ளேயே வராத விஷயம். அதைப் பத்து வெள்ளியாக நறுக்கினதும், அது அவர் சட்டைப்பைக்குள் வந்துவிடுகிறது. பத்து வெள்ளி அப்போ சின்னக் காசு இல்லை. வீட்டில் சண்டை வரும், மளிகைக் கடைக் கணக்கில் இடிக்கும். ஆனாலும் முடியும். ஆயிரம் பேர் ஒவ்வொரு பங்கு முடிச்சா ஒரு லட்சம் வெள்ளி, கணக்கு அவ்வளவுதான். சம்பந்தன் தன் மனைவி உமா சுந்தரி அம்மையாரோடு தோட்டம் தோட்டமாகப் போய் ஆளைச் சேர்த்தார். அமைச்சர் ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்று பத்து வெள்ளி கேட்டார் என்பதைப் பல பெரியவங்க இன்னும் சொல்வாங்க. 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. ஏறக்குறைய 3000 ஏக்கர். அடுத்தடுத்து வேற தோட்டங்களும் வந்தன.

எல்லாத் தோட்டத்தையும் அது காப்பாற்றவில்லை. இதையும் சொல்லியாகணும், இல்லாட்டி இதுவும் இன்னொரு மெழுகுவர்த்திக் கதையாகிவிடும். துண்டாடல் நடந்துக்கிட்டேதான் இருந்தது. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். அதுக்கும் பிறகு தாமான்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. மலாக்காவில் நம்மில் பலர் இன்றைக்குக் குடியிருக்கிற தாமானுக்கு அடியில் யாரோ ஒருவருடைய நிரை இருந்திருக்கும். 1979இல் சம்பந்தன் காலமானார். சங்கம் இன்னும் இருக்கு. கோலாலம்பூரில் அவர் பேரில் கட்டடம், பிரிக்பீல்ட்ஸில் அவர் பேரில் சாலை. கட்டடமும் சாலையும் எனக்குப் பெரிசாகத் தெரியலை. மழையைத் தவிர வேற எதிர்காலம் தெரியாத ஒரு வீட்டுக்குள், 'இன்னும் மூணு தவணை பாக்கி' என்ற பேச்சு நுழைஞ்சது பாருங்க, அது பெரிசு.

சரி, இதை நம்ம வீட்டுக்குக் கொண்டு வருவோம். அதுக்கு முன்னாடி கோவிலுக்கு ஒரு நடை போய் வரலாம்.

பூசையோ ஹோமமோ தொடங்கும்போது குருக்கள் சங்கல்பம் செய்து வைப்பார். நாம பெரும்பாலும் அந்த நேரத்தில் கையில் பூவை வெச்சுக்கிட்டு வேற எதையோ யோசிச்சுக்கிட்டிருப்போம். அடுத்த தடவை காதைக் கொடுத்துக் கேளுங்க. நேராக 'இதைக் கொடு' என்று ஆரம்பிக்க மாட்டார். நாம இருக்கிற இடம், ஆண்டு, மாதம், திதி, கிழமை, நட்சத்திரம், பிறகு செய்கிறவர் பேர், குடும்பம். எங்கே நிற்கிறோம், எப்போது நிற்கிறோம், யார் நிற்கிறோம் என்று சொல்லி முடிச்ச பிறகுதான் எதற்காக என்பது வரும். என் விரிவுரையாளர் கேட்கிற வரிசையும் இதுவேதான். நம்ம முன்னோர் 'பிராப்ளம் ஸ்டேட்மெண்ட்' எழுதினாங்க என்று பெருமை அடிக்க நான் வரலை, அந்த மாதிரிப் பேச்சு எனக்கு அலுத்துப்போச்சு. வரிசை நல்ல வரிசை, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

எங்க தாமான் கோவில் பக்கத்து அறையில் நடக்கிற வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். நாலாம், ஐந்தாம் படிவம், எஸ்.பி.எம். முடிச்சவங்க சிலர் என மொத்தம் பதினெட்டுப் பேர். தாளில் 'நான் என்ன ஆகணும்' என்று எழுதாதீங்க, 'என் கண்ணுக்கு முன்னால் எது சரியில்லை' என்று ஒரு வரி எழுதுங்க என்றேன். பத்து நிமிஷம் யாரும் பேனாவைத் தொடலை. பிறகு வந்த பதில்களில் சில: 'எங்க புளோக்கில் பையனுங்க படிக்கிறதுக்கு இடமே இல்லை.' 'அப்பாவுக்கு மலாய்ல பாரம் நிரப்பத் தெரியாது, ஆபீஸ்ல தலை குனிஞ்சு நிக்கிறார்.' 'அண்ணன் ராத்திரி எங்க போறான்னு கேக்க வீட்ல யாருக்கும் தைரியமில்லை.' டாக்டரும் கோடீஸ்வரரும் அந்தத் தாள்களில் காணாமல் போயிருந்தாங்க.

ஒரு தங்கை எழுதியதை அவங்க அனுமதியோடு சொல்றேன். 'அம்மா நைட் ஷிப்ட் போகக்கூடாது.' அவங்க அம்மா தொழிற்சாலையில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. தங்கைக்கு எஸ்.பி.எம். முடிவு சுமாராக வந்திருந்தது. ஓர் ஏஜெண்டு சிங்கப்பூரில் வேலை இருக்கு, உடனே வரலாம் என்று சொல்லியிருந்தார். இன்னொரு பக்கம் மெர்லிமாவ் போலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம்.

இந்தத் தூரநோக்கை வெச்சு எந்தப் பக்கம் போகணும்? நேர்மையாகச் சொன்னா, சிங்கப்பூர்தான். சம்பளம் சீக்கிரம் வரும், அம்மா சீக்கிரம் ஷிப்டை விடலாம். படிப்புதான் பெரிசு என்று அறிவுரை சொல்ல வாய் வந்தாலும் கணக்கு அப்படிச் சொல்லலை. வேலைக்குப் போற பிள்ளைகளைத் தாழ்வாகப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கு, அது எனக்குப் பிடிக்காது. அதனால் அவங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இதை அம்மாகிட்ட காட்டினீங்களாம்மா?"

காட்டலை. அந்த வாரம் காட்டினாங்க. அம்மா தாளைப் படிச்சுட்டுச் சொன்ன பதில்: "நைட் ஷிப்ட் எனக்குப் பழகிப்போச்சு. எனக்கப்புறம் நீயும் அதே பஸ்ல ஏறினா அதைத்தான் என்னால தாங்க முடியாது. உன் தம்பியும் பின்னாலயே வருவான்."

செடி வாடிய இடம் வேற! மகள் பார்த்தது அம்மாவின் தூக்கத்தை. அம்மா பார்த்தது வீட்டு வாசலில் வந்து நிற்கிற தொழிற்சாலை பஸ்ஸை. யாருக்காகத் தூரநோக்கு எழுதுகிறோமோ அவங்களைக் கேட்காமல் எழுதினா இப்படித்தான் கோணும். சம்பந்தன் ஆபீஸில் உட்கார்ந்து சுற்றறிக்கை விடாமல் லயத்துக்கே போனதுக்கு இப்படியும் ஒரு பயன் இருந்திருக்கணும்.

தங்கை தாளைத் திருத்தினாங்க. இப்போ இருக்கிற வரி: 'எங்க வீட்டில் இனி யாரும் வேற வழி இல்லாததால் ஷிப்ட் பஸ்ஸில் ஏறக்கூடாது.' பாருங்க, 'யாரும்' என்ற சொல்லுக்குள் மூன்றாம் படிவத் தம்பியும் வந்துவிட்டான். 'வேற வழி இல்லாததால்' என்ற சொல்லில், விரும்பிப் போறவங்களுக்கு மரியாதையும் இருக்கு. இந்த வரிக்கு முன்னால் சிங்கப்பூரையும் போலிடெக்னிக்கையும் வெச்சா, எது எதுக்கு உதவும் என்று தெளிவாகத் தெரியும். யூ.பி.யூ. விண்ணப்பம் போட்டாங்க. இடம் கிடைக்கலைன்னா? அந்த வரி அப்போதும் நிற்கும். தொழில்திறன் கல்லூரி, வேலைக்குப் போய்க்கிட்டே பகுதி நேரப் படிப்பு என்று வேற சாலை தேடலாம். இலக்கு உடையலாம், அதுக்குப் பின்னால் இருக்கிற படம் உடையாது.

அடுத்து தவணை. இங்கேதான் நிறையப் பேர் நழுவிப்போறாங்க. தூரநோக்கு அழகாக எழுதி, சட்டம் போட்டு, திறன்பேசி முகப்பில் வைப்போம். ஆனா இந்த வாரம் என்ன? உங்க தூரநோக்கின் பத்து வெள்ளி எது? மூன்று குணம் இருந்தா அது நல்ல தவணை: உங்க கையிலேயே இருக்கணும், அடுத்தவர் தயவில் இருக்கக்கூடாது. கொஞ்சம் வலிக்கணும், ஆனா முறிக்கக்கூடாது. எண்ணிப் பார்க்க முடியணும். 'நல்லாப் படிப்பேன்' தவணை இல்லை, அதை யாராலும் எண்ண முடியாது. அந்தத் தங்கை போட்ட தவணை: செவ்வாய், வியாழன், ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குத் தம்பியோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் கணிதம். வாரம் மூன்று. அவன் எழுந்து ஓடின நாளையும் அவங்க சுழியம் போட்டுக் குறிச்சு வெச்சிருக்காங்க.

என்னுடையதையும் சொல்லணுமே. எங்க தாமானில் ஒயரிங் வேலை தெரிந்த அண்ணன்கள் பலர் இருக்காங்க. பதினைந்து ஆண்டு, இருபது ஆண்டு அனுபவம். நான் புத்தகத்தில் படிச்ச சர்க்யூட்டை அவங்க கையில் தொட்டே சொல்வாங்க. ஆனா எரிசக்தி ஆணையத்தின் ஒயர்மேன் தகுதிச் சான்றிதழ் அவங்களிடம் இல்லை. சான்றிதழ் இல்லாததால் சொந்தமாகக் கையெழுத்துப் போட்டு வேலை எடுக்க முடியாது. இன்னொருத்தர் பேரில், நாள் கூலிக்கு. பாட்டியும் மரமும் எனக்கு இங்கேதான் திரும்ப ஞாபகம் வந்தது. வேலை இவங்களுடையது, கையெழுத்து வேற யாருடையதோ. என் வரி: 'எங்க தாமானில் வேலை தெரிந்த கை ஒவ்வொன்றும் தன் பேரிலேயே கையெழுத்துப் போடணும்.' பட்டம் வாங்குவது, பெரிய கம்பெனியில் சேர்வது எல்லாம் எனக்கும் வேணும், இல்லைன்னு சொன்னா பொய். பி.டி.பி.டி.என். கடன் காத்துக்கிட்டிருக்கு. ஆனா அதையெல்லாம் இந்த வரிக்குப் பக்கத்தில் வெச்சுப் பார்க்கிறேன். என் தவணை சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஒற்றைக் கட்ட ஒயரிங் பாடத்தை இரண்டு அண்ணன்களோடு உட்கார்ந்து படிக்கிறோம். மலாய்க் கேள்வியை நான் தமிழில் சொல்வேன். அது ஏன் அப்படி என்று அவங்க எனக்குச் சொல்வாங்க. யார் யாருக்குப் பாடம் எடுக்கிறாங்கன்னு கேட்காதீங்க.

'ஸ்கோப்' பற்றி இரண்டு வரி. எதைச் செய்யப்போறதில்லை என்று எழுதலைன்னா தூரநோக்கு ஊதிக்கிட்டே போகும். சமூகத்தையே மாற்றுவேன், தமிழையே காப்பேன் என்று ஆரம்பிச்சு மூன்றாம் மாதம் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறியவங்க எத்தனை பேர்! மூன்று கட்ட ஒயரிங், மற்ற தாமான்கள், சான்றிதழ் விதிகளை மாற்றச் சொல்லிப் போராடுவது, இதெல்லாம் என் தாளில் 'இப்போது இல்லை' என்ற பக்கத்தில் இருக்கு. அந்தத் தங்கையின் தாளில் 'இப்போது இல்லை' பக்கத்தில் கார் இருக்கு.

இனி நீங்க உங்க வகுப்பில் செய்யவேண்டியது. ஒருவர் ஒரு தாள். மேலே இடம், தேதி, உங்க பேர், வீட்டில் யார் யார். அதுக்குக் கீழே, கண்ணுக்கு முன்னால் சரியில்லாத ஒன்று. அது யாருடைய சிக்கலோ அவங்களிடம் ஒரு வாரத்துக்குள் காட்டிப் பேசுங்க. திரும்பி வந்து ஒரே வரியில் தூரநோக்கை எழுதுங்க, இரண்டாம் வரி தேவைப்பட்டா இன்னும் தெளியலைன்னு அர்த்தம். அப்புறம் இந்த மாதத் தவணை, 'இப்போது இல்லை' பட்டியல். தாள் முடிஞ்சது. ஆசிரியர்கள் இதைப் பொதுவில் வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவேண்டாம். அண்ணன் ராத்திரி எங்கே போறான் என்று எழுதின தாள் பதினேழு பேருக்கு நடுவில் வாசிக்கிறதுக்கு இல்லை. அப்படி ஒரு தாள் உங்க கைக்கு வந்தா வகுப்பு முடிஞ்சதும் அந்தப் பிள்ளையோடு தனியாக உட்காருங்க.

கடைசியாக, தவணை கட்டினா வாங்கிக்க ஒரு ஆள் வேணும், வாங்கினதுக்கு ரசீது வேணும். அந்த ஆள் நண்பராக இருந்தா ஒருவரை ஒருவர் மன்னிச்சு விட்டுடுவீங்க, எனக்குத் தெரியும். மாமாவோ, அத்தையோ, பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ, கொஞ்சம் பயம் இருக்கிற ஒருவராகப் பாருங்க. மாதம் ஒரு தடவை தாளைக் காட்டி, கட்டின தவணைக்குப் பக்கத்தில் அவங்க கையெழுத்தை வாங்குங்க. எங்க வகுப்பில் அது மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணி. கோவில் தலைவரின் மனைவிதான் கையெழுத்துப் போடுறாங்க. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு சுழியத்துக்கும் காரணம் கேட்பாங்க. போன மாதம் பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் தாளோடு வந்தாங்க. மீதி ஏழு பேர் வீட்டுக்கு இந்த வாரம் போய்ப் பார்க்கணும்.